இருபது நிமிடப் பாட்டும் அறுபது நிமிடக் கேசட்டும்

எண்பதுகளின் கடைசியில் பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், மூன்று நாளில் பதிந்து, அட்டையில் மணிமணியான கையெழுத்தில் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் எழுதித் தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஏழு. பர்மா பஜாரில் வாங்கிய, ஏற்கெனவே பாதி தேய்ந்துபோன ஒரு கேசட்டிலிருந்து கனடா நாட்டுக் குழு ஒன்றின் பாட்டை நான் பதியக் கொடுத்தபோது, கடைக்காரர் அதை ஓடவிட்டுக் கேட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, பாட்டு முடிந்தபாடில்லை. "இன்னா தம்பி இது, ஒரே பாட்டு ஒரு பக்கத்தையே முழுங்கிடும் போலக்குதே? பாதியோட நிறுத்திட்டு ரெண்டு இளையராஜா போட்டுத் தரட்டுமா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. என் காசு வீணாகக் கூடாதே என்ற அக்கறையில்தான் கேட்டார்.

ஏறக்குறைய அதே கேள்வியை, இவ்வளவு அன்பாக இல்லாமல், அந்தக் குழுவிடமே அதன் இசைத்தட்டு நிறுவனம் 1975ஆம் ஆண்டின் இறுதியில் கேட்டிருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. குழுவின் பெயர் ரஷ். அதன் கதையை இப்போது எழுதக் காரணம், வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஐந்து இளைஞர்கள் அந்தக் கேள்வியின் முன்னால் நிற்கிறார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை வைத்து அவர்கள் பதினொரு நிமிடத்தில் ஒரு பாட்டு கட்டியிருக்கிறார்கள். அதை வெளியிட முன்வந்த ஒரு நிறுவனம், மூன்று நிமிடமாகச் சுருக்கித் தந்தால் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது.

ரஷ் குழு 1968இல் டொராண்டோவின் புறநகரான வில்லோடேலில் தொடங்கியது. கிதார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சன் செர்பியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன்; பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசித்த கெடி லீயின் பெற்றோர் நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்த போலந்து யூதர்கள். கனடாவில் எந்த நிறுவனமும் அவர்களைச் சீந்தாததால் 1974இல் தங்கள் முதல் தட்டைத் தாங்களே ஒரு நிறுவனப் பெயர் வைத்து வெளியிட்டார்கள். அந்தத் தட்டு அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தின் ஒரு எஃப்.எம். நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இசைப் பொறுப்பில் இருந்த டானா ஹால்பர், உழைப்பாளியைப் பற்றிய ஏழு நிமிடப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பினார். நீளமான பாட்டு ஓடினால்தான் அறிவிப்பாளர் எழுந்துபோய்விட்டு வர நேரம் கிடைக்கும் என்பதும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிளீவ்லண்ட் எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். வேலைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதுமாக வாழ்க்கை போய்விடுகிறதே என்று ஒருவன் பாடுவதைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பின்னி மில் சங்கு ஊதி எழுந்து, சங்கு ஊதி வீடு திரும்பி, 1996இல் மில்லே மூடப்பட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்த பெரம்பூர்க்காரனுக்கு, அந்தத் தொலைபேசி அழைப்புகளை விளக்கத் தேவையில்லை.

அந்த அழைப்புகளின் பலனாக மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1974 ஜூலையில் பழைய டிரம்மர் விலகி, தன் தந்தையின் விவசாயக் கருவிக் கடையில் டிராக்டர் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த நீல் பியர்ட் சேர்ந்தார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 14 அன்று, பிட்ஸ்பர்க் நகரில் பதினோராயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில் வேறொரு குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் முன்வரிசைக் குழுவாக ஏறி வாசித்தார்கள். பாட்டு வரிகளை எழுதும் வேலையும் பியர்ட்டிடம் வந்தது. அவர் புத்தகப் பிரியர், குழுவின் பாட்டுகளில் விஞ்ஞானக் கதையும் புராணமும் நுழைந்தன, நீளமும் கூடியது.

நீளம் ஏன் இவ்வளவு பெரிய விவகாரம் என்பதைப் புரிந்துகொள்ள, ப்ரொகிரசிவ் ராக் என்ற வகையை ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் கிங் கிரிம்சன், யெஸ், ஜெனசிஸ் போன்ற குழுக்கள், மூன்று நிமிட நடனப் பாட்டாக இருந்த ராக்கை எடுத்து, பல பகுதிகள் கொண்ட, தாளம் மாறிக்கொண்டே போகிற, ஒரு கதையையோ கருத்தையோ முழுதாகச் சொல்லி முடிக்கிற நெடும்பாட்டாக மாற்றின. இரண்டு விஷயங்கள் இதற்கு வசதி செய்து கொடுத்தன. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் தரம் குன்றாமல் பதிய முடியும். அமெரிக்காவில் அப்போது புதிதாகப் பரவிய எஃப்.எம். நிலையங்களில் அறிவிப்பாளர்கள் தமக்குப் பிடித்ததைப் பிடித்த நேரம்வரை போட்டார்கள். ஆனால் எழுபதுகளின் நடுவில் எஃப்.எம். நிலையங்கள் நல்ல வருமானம் தரும் தொழிலாகிவிட்டன. எந்தப் பாட்டை எத்தனை முறை போடுவது என்பதை ஆலோசகர்கள் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். நீளமான பாட்டு விளம்பர நேரத்தைத் தின்னும் பண்டமாயிற்று.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நிறுவனம் குழுவுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் அன்பளிப்பு அல்ல. ஒலிப்பதிவுச் செலவும் முன்பணமும் குழுவுக்கு வரவேண்டிய ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். ஒரு தட்டு விற்காவிட்டால் அந்தக் கடன் அடுத்த தட்டின் தலையில் ஏறும். நம் ஊர்க் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வேனுக்கும் ஒலிபெருக்கி செட்டுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சியதைப் பங்கு போடுவார்களே, அதுபோலத்தான், ஆனால் இங்கே பற்றாக்குறை அடுத்த முகூர்த்தம்வரை பின்தொடர்ந்து வரும். முன்வரிசைக் குழுவுக்கு மேடையில் கிடைப்பது அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். அதில் இருபது நிமிடப் பாட்டைப் பாடினால் வேறு எதைப் பாடுவது?

1975 செப்டம்பரில் வந்த மூன்றாவது தட்டில் ரஷ் பன்னிரண்டு நிமிடப் பாட்டொன்றையும், பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்ட இருபது நிமிடப் பாட்டொன்றையும் வைத்தது. தட்டு விற்கவில்லை. வரவர அரங்குகள் சிறிதாகிக்கொண்டே போன அந்தச் சுற்றுப்பயணத்துக்கு, எல்லாம் சாக்கடையில் போகிற பயணம் என்ற பொருளில் அவர்களே பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். நிறுவனம் கைகழுவிவிடும் நிலைக்கு வந்தது. மேலாளர் ரே டேனியல்ஸ் சிகாகோவுக்குப் போய்ப் பேசி, இன்னும் ஒரே ஒரு தட்டுக்கு வாய்ப்பு வாங்கி வந்தார். எல்லோரும் எதிர்பார்த்தது, முதல் தட்டைப்போலச் சுருக்கமான, வானொலிக்கு ஏற்ற ராக் பாட்டுகளை.

அவர்கள் செய்தது நேர் எதிரானது. எப்படியும் மூட்டை கட்டப் போகிறோம், நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுக் கட்டுவோம் என்று முடிவெடுத்து, 1976இல் வெளியான 2112 என்ற தட்டின் முதல் பக்கம் முழுவதையும் இருபதரை நிமிட ஒற்றைப் பாட்டுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டின் கதை எதிர்காலத்தில் நடக்கிறது. கோயிற் குருமார்கள் எல்லாக் கலையையும் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் உலகில் ஒருவன் பழைய கிதார் ஒன்றைக் கண்டெடுத்து, தானே வாசிக்கக் கற்று, மகிழ்ச்சியோடு குருமார்களிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான். அவர்கள் இது எதற்கும் உதவாது என்று ஒதுக்கி அழிக்கிறார்கள். குருமார் என்பது யார் என்று கேட்பவர் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இந்தத் தட்டுதான் அமெரிக்கத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்த அவர்களுடைய முதல் தட்டு. 61ஆம் இடம்வரை போனது. அதன்பின் என்ன இசைப்பது என்று அவர்களுக்குச் சொல்லும் துணிச்சல் நிறுவனத்தில் யாருக்கும் வரவில்லை.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். ஆனால் இதை நான் முழுதாக நம்புவதில்லை. அதே ஆண்டுகளில் அதே பிடிவாதத்தோடு நெடும்பாட்டுப் பாடி, விற்காமல், ஊர் திரும்பி டிராக்டர் உதிரி பாகம் விற்கப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ரஷ் பிழைத்ததற்குத் துணிச்சலைவிடச் சாதாரணமான காரணங்களும் உண்டு. அவர்கள் மூன்றே பேர். கீபோர்டு வாசிக்க நான்காவது ஆளை எடுக்காமல், கெடி லீ கைகளால் பேஸ் வாசித்துக்கொண்டே காலால் மிதிகட்டைகளை அழுத்தி அந்த ஒலியையும் எழுப்பினார். வருவது மூன்று பங்காகப் பிரிந்தது. ஆண்டில் பெரும்பகுதியைச் சாலையில் கழித்து, ஊர் ஊராகக் கேட்பவர்களைச் சேர்த்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்தது. 1978இல் வந்த தட்டில் நான்கே பாட்டுகள். ஒன்று பதினெட்டு நிமிடம். இன்னொன்று ஒன்பதரை நிமிட வாத்திய இசை. அதை ஒரே மூச்சில் வாசித்துப் பதிய முயன்று, முடியாமல் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். இரண்டாவது தட்டு முழுவதற்கும் ஆன நேரத்தைவிட இந்த ஒரு உருப்படிக்கு அதிக நேரம் ஆனது. களைத்துப்போனார்கள். தங்கள் பாணியே தங்களுக்கு ஒரு வாய்பாடாகிவிட்டது என்று அவர்களே உணர்ந்தார்கள். அடுத்து 1980 ஜனவரியில் வந்த தட்டின் முதல் பாட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. யாரும் சொல்லிச் சுருக்கவில்லை. வணிகம் நேர்மையை எப்படிக் கரைக்கிறது என்பதைச் சொல்லும் அந்தப் பாட்டு, டொராண்டோ எஃப்.எம். நிலையம் ஒன்றின் முழக்க வாசகத்தைத் தலைப்பாகக் கொண்டது. வானொலியைக் கடிந்துகொண்ட அந்தப் பாட்டையே வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பின. தட்டு அமெரிக்காவில் நான்காம் இடம்வரை ஏறியது.

சுருங்கியபோது எது மிஞ்சியது என்பதைக் காட்ட, 1981இல் வந்த அடுத்த தட்டிலுள்ள ஒரு வாத்திய உருப்படியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதன் தலைப்பு ஒய் ஒய் இசட். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்துகளையும் தந்தி முறையான மோர்ஸில் ஒலித்தால் வரும் நீளொலியும் குற்றொலியும்தான் தொடக்கத் தாளம். தமிழ் யாப்புத் தெரிந்தவருக்கு இது பழகிய கணக்கு. ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று கூட்டினால் ஏழு. இரண்டு ஒய்க்குப் பதினான்கு. இசட் என்பது நெடில், நெடில், குறில், குறில், ஆறு மாத்திரை. ஆக மொத்தம் இருபது. அதை நான்கு நான்காக வெட்டினால் ஐந்து எண்ணிக்கை. ஓர் ஊரின் பெயர்ச் சுருக்கம் தானாகவே ஐந்தின் கணக்கில், நம் தாளப் பேச்சில் சொன்னால் கண்டத்தில், வந்து விழுந்திருக்கிறது. அதே தட்டில் வானொலியில் பெரும்புகழ் பெற்ற நாலரை நிமிடப் பாட்டின் நடுவே வாத்தியப் பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. நம் மிருதங்கக்காரர் கேட்டால் தகிட தகதிமி என்று மடியில் தட்டத் தொடங்கிவிடுவார். நீளம் போயிற்று, கணக்கும் விளையாட்டும் போகவில்லை. பதினொரு நிமிடப் பாட்டு ஒன்றும் அந்தத் தட்டின் மூலையில் இருக்கத்தான் செய்தது.

விதி எப்படிக் கண்ணடிக்கும் என்பதற்கு 1982இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிய தட்டை முடித்தபோது, கேசட் வடிவத்தில் இரண்டு பக்கங்களின் நீளமும் சமமாக இல்லை. நான்கு நிமிடத்துக்கு மூன்று வினாடி குறைவான இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை அடைக்க, அந்த நேர அளவையே வேலைப் பெயராக வைத்துக்கொண்டு, சட்டென்று ஒரு பாட்டை எழுதிப் பதிந்தார்கள். அமெரிக்கத் தனிப்பாட்டு வரிசையில் முதல் நாற்பதுக்குள் நுழைந்த அவர்களுடைய ஒரே பாட்டு அதுதான், 21ஆம் இடம். இதைப் படித்தபோது எனக்குப் பேரக்ஸ் சாலைக் கடைக்காரர் நினைவுதான் வந்தது. கேசட்டின் மிச்சத்தைக் கணக்குப் பார்த்து அடைப்பதில் அவருக்கு இணையாக யாரையும் நான் கண்டதில்லை.

மற்றக் குழுக்களின் வழி வேறாக இருந்தது. ஜெனசிஸ் ஐவரிலிருந்து மூவராகச் சுருங்கி, பாட்டையும் சுருக்கி, பெருவெற்றி கண்டது. யெஸ் குழுவோ ஆட்களையும் ஒலியையும் மாற்றிக்கொண்டு 1983இல் வெளியிட்ட பாட்டால் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பழைய ரசிகர்கள் இவர்களைத் துரோகிகள் என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது.

வடசென்னையில் இந்தப் பேச்சு புதிதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ப்ரொகிரசிவ் ராக் நமக்கு வெளியூர்ச் சரக்கு. பெரம்பூர், இராயபுரம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிதார் வழியாகவும் பர்மா பஜார் வழியாகவும் சிலருக்கு மட்டும் கிடைத்தது. ஆனால் சொந்த இசையை விற்பனைக்கு ஏற்றபடி வெட்டுவது என்றால் என்ன என்பதைக் கானா நன்றாக அறியும். சாவு வீட்டில் பாடை எடுக்கும்வரை இரவெல்லாம் பாடுகிற கானாவுக்கு நிமிடக் கணக்கு கிடையாது. பாடகர் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் பிள்ளைகளையும் உள்ளே இழுத்து, விடியும்வரை நீட்டிக்கொண்டே போவார். தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குள் பெரிய அளவில் போனபோது, பல்லவியும் சரணங்களுமாக நாலு நிமிடத்துக்குள் அடங்கியது. அங்கே இழப்பு நீளத்தில் மட்டும் இல்லை. யார் செத்தார், ஏன் செத்தார் என்ற பேச்சு போய், குத்தாட்டத்துக்கு உதவுகிற துள்ளல் மட்டும் நின்றது. டொராண்டோவில் நிமிடங்களை வெட்டச் சொன்னார்கள்; இங்கே வார்த்தைகளை வெட்டினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், இசையமைப்பாளர் தென்மாவும் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து உருவாக்கிய குழு. அது கானாவையும் கிதாரையும் பறையையும் ஒரே மேடையில் வைத்தபோது, பாட்டுகள் பெரும்பாலும் குறும்பாட்டுகளாகவே இருந்தன. அம்பேத்கரும் இட ஒதுக்கீடும் மலக்குழி மரணமும் அவற்றில் வெட்டப்படாமல் இருந்தன. எது குறைந்தால் இசையின் உயிர் தங்கும், எது குறைந்தால் போய்விடும் என்பது குழுவுக்குக் குழு மாறும்.

வியாசர்பாடி இளைஞர்களிடம் நான் இதைத்தான் கேட்டேன். ரயில்பாதையை ஒட்டிய ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறைதான் அவர்கள் பயிற்சிக்கூடம். புறநகர் ரயில் போகும்போது யாருடைய காதிலும் எதுவும் விழாது என்பதால், அந்த நேரத்தில் டிரம்மர் மட்டும் தட்டிக்கொண்டிருக்க மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்; இப்போது அந்த நிறுத்தமே பாட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. பாட்டின் முதல் மூன்று நிமிடத்தில் குரலே கிடையாது. துடுப்பு நீரில் விழுவதுபோல ஏழு எண்ணிக்கையில் ஒரு பேஸ் கிதார் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு அது மெல்ல மெல்ல, எண்ணெயில் சிக்கியதுபோலத் தாமதமாகிக்கொண்டே வரும். நிறுவனம் முதலில் வெட்டச் சொல்வது அந்த மூன்று நிமிடத்தைத்தான். காரணம் எளிமையானது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் ஒருவர் முப்பது வினாடி கேட்டுவிட்டால் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. பதினொரு நிமிடம் கேட்டாலும் அதே ஒன்றுதான். முப்பது வினாடிக்குள் குரல் வராவிட்டால் கேட்பவர் தாவிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். அன்றைய வானொலி ஆலோசகரின் கணக்கைவிட இது கறாரான கணக்கு.

"நாங்களே ஏழு நிமிஷமா கொறச்சுட்டோம்ணே" என்றான் பேஸ் வாசிப்பவன். முகூர்த்த நாள்களில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து வருகிற காசில்தான் அவன் வீட்டு வாடகை போகிறது. "நடுவுல கிதார் சோலோ ரெண்டு ஓட்டிக்கினு இருந்துச்சு, அது நமக்கே போர். ஆனா அந்தத் துடுப்பு இருக்குல்ல, அத எடுத்துட்டா இது எண்ணூர் பாட்டு இல்ல, வேற எங்கயோ ஒரு பாட்டு." நிறுவனத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொந்தமாக வெளியிட்டால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எத்தனை முகூர்த்தம் வாசிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீல் பியர்ட்டோடு ரஷ் கடைசியாகச் சுற்றுப்பயணம் போனது 2015இல். நாற்பது ஆண்டுப் பாட்டுகளையும் பின்னிருந்து முன்னாக, புதியதில் தொடங்கிப் பழையதை நோக்கி வாசித்தார்கள். ஒவ்வொரு காலமாகப் பின்னே போகப் போக, மேடைப் பணியாளர்கள் ஏறி அலங்காரங்களையும் பெரிய பெரிய ஒலிப்பெட்டிகளையும் கழற்றி எடுத்துப்போனார்கள். ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அந்தப் பயணத்தின் இறுதிக் கச்சேரியிலும் அப்படித்தான். கடைசியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் இருப்பதுபோல, நாற்காலிகளின் மேல் வைத்த சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் மட்டும் மிஞ்ச, கிளீவ்லண்ட் தொழிலாளிகள் கேட்டுக் கேட்டு வாங்கிய அந்த ஏழு நிமிடப் பாட்டை வாசித்து முடித்தார்கள். நீல் பியர்ட் 2020 ஜனவரியில் காலமானார். அந்தக் கடைசிக் காட்சியின் காணொளியை வியாசர்பாடி அறையில் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது, பையன்கள் பாட்டைக் கேட்டதைவிட அந்த நாற்காலிகளைத்தான் உற்றுப் பார்த்தார்கள். பிறகு டிரம்மர், தங்கள் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டிச் சிரித்தான். அதற்குள் ரயில் வந்துவிட்டது.